பன்னிரண்டைத் தாண்டாத சத்தம்

பேனாவை மூடாதீங்க சார். நான் இன்னும் முடிக்கலை.

நீங்க பாத்தது பொய் இல்லை. டிரைவர் சீட்ல நீங்களே உக்காந்தீங்க. நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, டெக்குல சவுண்டைப் பன்னெண்டுல வெச்சுப் பாட்டைப் போட்டேன். உங்ககூட வந்தவர் பின்னால ஏறி, தகரத்துல ரெண்டு தட்டு தட்டினாரு. உங்களுக்குக் கேட்டுச்சு. உடனே, 'பின்னால் இருந்து தட்டினால் ஓட்டுநருக்குத் தெளிவாகக் கேட்கிறது'ன்னு எழுதிட்டீங்க. நான் எதிர்ல நின்னே படிச்சிட்டேன். தலைகீழா இருந்தா என்ன, படிக்க வரும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரிக்க வர்றாங்கன்னதும் நான் கார்ல வருவீங்கன்னு நெனச்சேன். நீங்க ரெண்டு பேரா ஒரே ஸ்கூட்டர்ல வந்து இறங்கினீங்க. சரி, அது வேற.

அந்த ஒரு வரி கம்பெனிக்குப் போச்சுன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். மொக்கத்தாயி அத்தை சொன்னது பொய். எங்க அம்மா சொன்னது பொய். வண்டியில இருந்த அத்தனை பொம்பளைங்களும் சேர்ந்து சொன்னது பொய். யாரும் தட்டவே இல்லை, அத்தை ஓடுற வண்டியிலிருந்து தானா இறங்கப் பாத்துச்சு, பாதம் போனது அதோட தப்பு. அப்படித்தானே முடிப்பீங்க? இல்லைன்னு தலையாட்டாதீங்க.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க.

நான் பொய் சொல்ற ஆள் இல்லை சார். யாரை வேணாலும் கேளுங்க. பள்ளிக்கூடத்தை விட்டதே அதனாலதான். பதினொண்ணாம் வகுப்புல பிசிக்ஸ் சார் போர்டுல ஒரு சர்க்யூட் போட்டாரு. இப்படிக் குடுத்தா ஃபியூஸ் போயிரும் சார்னு சொன்னேன். வெளிய போன்னாரு. போனேன். மறுநாள் வரச் சொல்லி ஆள் விட்டாங்க, நான் போகலை. அது மட்டும் காரணம் இல்லை, கெமிஸ்ட்ரியில பதினொரு மார்க்கு. பாத்தீங்களா, அதையும் சொல்லிட்டேன். நான் அப்படித்தான்.

என் பேரு மோனிஷா. எழுதிக்கிட்டீங்களா? கடை எங்க அப்பாவோடது. ராசாங்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்னு வெளிய போர்டு இருக்கும், 'ஸ்' மட்டும் விழுந்திருச்சு. அப்பா தேனிக்குச் சாமான் எடுக்கப் போயிருக்காரு. செல்ஃப் மோட்டார், டைனமோ, லைட்டு, ஹார்ன் எல்லாம் அவரு பாப்பாரு. பாட்டு செட்டு முழுக்க நான். போடியில ஆம்ப், ஊஃபர் மாட்டுறதுக்கு ஒரு பொண்ணுகிட்ட வண்டியை விடுவாங்களான்னு நீங்க நெனப்பீங்க. விட மாட்டாங்க. முதல்ல விட்டது சுருளி அண்ணன் ஒருத்தர்தான்.

சுருளி அண்ணன் ஜீப்பு காலையில அஞ்சரைக்கு எங்க தெரு முக்குல நிக்கும். போடி மெட்டு மலை ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துல பொம்பளைங்களை இறக்கி விட்டுட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வரும். எத்தனை பேரு ஏறுவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களும் கேக்கலை. பின்னால ரெண்டு பக்கமும் நீள சீட்டு. டிரைவருக்கும் பின்னால இருக்கறவங்களுக்கும் நடுவுல ஒரு தகரத் தடுப்பு. மேல தார்ப்பாய். மலையில ரெண்டாவது கியர்ல ஏறும்போது இஞ்சின் போடுற சத்தத்துல பின்னால கத்தினா முன்னால கேக்காது. அதனால தகரத்தைத் தட்டுவாங்க. ரெண்டு தட்டு தட்டினா நிறுத்து. ஒரு தட்டு, போலாம். விடாமத் தட்டினா யாருக்கோ உடம்புக்கு ஆகலைன்னு அர்த்தம். எல்லா ஜீப்பிலயும் இதுதான். தகரத்தை ஒட்டி யாரு உக்காந்திருக்காங்களோ அவங்கதான் தட்டணும். சுருளி அண்ணன் வண்டியில அந்த எடம் எங்க அம்மாவுக்கு. பதினோரு வருஷமா எங்க அம்மாதான் தட்டுது.

ஆடி மாசக் கடைசியில சுருளி அண்ணன் ஒரு ஆம்ப்பைக் கொண்டுவந்து இந்த மேசையில வெச்சாரு. 'பாப்பா, மூவாயிரம் வாட்ஸு. கும்முனு இருக்கணும்.'

அட்டைப்பெட்டியில மூவாயிரம்னு போட்டிருந்துச்சு. பின்னால சின்ன எழுத்துல பாத்தேன். 'அண்ணே, இது மூவாயிரமும் இல்ல, முன்னூறும் இல்ல. தொடர்ந்து பாடினா நூத்தம்பது தாங்கும். அதுக்கு மேல போனா பொகை வரும். ஏமாந்துட்டீங்க.'

மூஞ்சி சுருங்கிப் போச்சு. எங்க அப்பா உள்ளேருந்து, 'ஏம்மா, கொஞ்சம் பதமாச் சொல்லக் கூடாதா'ன்னாரு. பதமாச் சொன்னா வாட்ஸு கூடுமா சார்?

நான்தான் தேர்ந்தெடுத்தேன். தொடர்ந்து முன்னூறு வாட்ஸு குடுக்குற ஆம்ப் ஒண்ணு. அதே முன்னூறைத் தாங்குற பன்னெண்டு இஞ்ச் ஊஃபர் ஒண்ணு, மேளச் சத்தத்துக்குன்னே வர்ற பெரிய ஸ்பீக்கரு. அதுக்கு மேல வாங்கினா அந்த ஜீப்போட டைனமோ ஈடு குடுக்காது, ராத்திரி ஹெட்லைட்டு பாட்டுக்குத் தக்கன மங்கி மங்கி எரியும். நிறைய ஆளுங்க செய்யறது அதுதான். நான் அப்படிச் செய்ய மாட்டேன். பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்கு முழுச் செம்பு வயர், என் சுண்டுவிரல் தடிமன். அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசின வயர் பாதி விலைக்குக் கிடைக்கும், சூடேறி உருகும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துலயே ஃபியூஸ். எர்த் அடிக்கிற எடத்துல பெயிண்டை முழுசாச் சுரண்டி, இரும்பு வெள்ளையாத் தெரியற வரைக்கும் தேச்சு, அப்புறம்தான் போல்ட்டு. கரண்டு வயர் வலது பக்கம், பாட்டு வயர் இடது பக்கம். ரெண்டும் ஒண்ணா ஓடினா ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர்ல ஊய்ங்குன்னு அழும். என் செட்டு அழாது. நீங்களே கேட்டீங்கல்ல, அழுதுச்சா?

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, வயரிங்ல தப்பு இல்லை. அதை முதல்ல எழுதிக்கோங்க. வயரிங்ல ஒரு தப்பு கூட இல்லை.

ஊஃபர் பெட்டியை எங்க வைக்கிறதுன்னுதான் குழப்பம். ஜீப்புல டிக்கியா இருக்கு? அந்த நடுத் தகரத்துக்குப் பின்பக்கம், சீட்டுக்கு அடியில வெச்சு, தகரத்தோட சேத்து போல்ட்டு போட்டேன். அதுதான் வண்டியிலயே உறுதியான எடம். மறுநாள் காலையில பொம்பளைங்க ஏறினதும் ஒரே சண்டை.

'ஏண்டி மோனிஷா, எங்க தூக்குவாளி இருந்த எடத்துல உன் பொட்டி உக்காந்திருக்கு. சோத்தை மடியில வெச்சுக்கிட்டா மெட்டு ஏறச் சொல்ற?' மொக்கத்தாயி அத்தைதான். எங்க வீட்டுக்கு எதிர் வீடு. வாய் அம்புட்டு நீளம்.

'பாட்டு வேணும்னு கேட்டது நீதானத்தை?'

'பாட்டுத்தான் கேட்டேன். பாட்டுக்கு ஒரு வீடு கட்டி எங்க எடத்துல குடி வைக்கவா சொன்னேன்?'

எல்லாரும் சிரிச்சாங்க. பாட்டு போட்டதும் அதே அத்தைதான் உக்காந்த எடத்துலயே தோளை ஆட்டுச்சு.

அப்புறம் தகரம் கிணுகிணுங்க ஆரம்பிச்சுச்சு. ஊஃபர் அடிக்க அடிக்க அது ஒரு பக்கம் தனியா ஆடுது. நல்ல பாட்டை நாசம் பண்ணும் சார் அந்தச் சத்தம். எனக்கு ஆகவே ஆகாது. தார் மாதிரி ஒரு ஷீட்டு வரும், டேம்பிங் ஷீட்டு. அதை வாங்கித் தகரம் முழுக்க ஒட்டி உருட்டி அமுக்கினேன். கிணுகிணுப்பு போச்சு. தகரமா மரமான்னு தெரியாத அளவுக்கு அமுங்கிப் போச்சு.

நீங்க இப்பத்தான் முதல் தடவையா நிமிந்து பாக்குறீங்க. ஆமா சார். தட்டுற தகரம்தான்.

ஷீட்டு ஒட்டின மறுநாள் மெட்டுல யாருக்கோ குமட்டுதுன்னு எங்க அம்மா தட்டியிருக்கு. அண்ணனுக்குக் கேக்கலை. அப்புறம் எல்லாரும் சேர்ந்து தட்டின பிறகுதான் நிறுத்தியிருக்காரு. சாயங்காலம் வண்டியை நேரா இங்க கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. அம்மா இறங்கி வந்துச்சு.

'தட்டுனா மெத்தையில குத்துற மாதிரி இருக்குடி. அதைப் பிச்சு எடு.'

'ஷீட்டைப் பிச்சா தகரம் கிணுங்கும்மா.'

'கிணுங்கட்டும்.'

'கிணுங்கற செட்டை நான் மாட்டினேன்னு எவனும் சொல்லக் கூடாது.'

அண்ணன்தான் நடுவுல வந்தாரு. 'ஷீட்டு இருக்கட்டும்க்கா. நான் சவுண்டைக் குறைச்சு வெச்சுக்கிறேன். எம்புட்டு வெச்சா தட்டு கேக்குதுன்னு இப்பவே பாத்துருவோம்.'

இதே எடத்துலதான் சார். அண்ணன் டிரைவர் சீட்ல. இஞ்சின் ஓடுது. அம்மா பின்னால உக்காந்து தட்டுது. நான் ஒவ்வொரு நம்பரா ஏத்தினேன். பத்து, கேக்குது. பன்னெண்டு, கேக்குது. பதிமூணு, லேசாக் கேக்குது. பதினஞ்சு, கேக்கலை. அண்ணன் பன்னெண்டுன்னு முடிவு பண்ணினாரு. பொம்பளைங்க எல்லாரும் இருக்கும்போது ஸ்டியரிங் மேல கையை வெச்சு, 'என் வண்டியில பாட்டு பன்னெண்டைத் தாண்டாது'ன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் தாண்டவே இல்லை. அது சத்தியமான உண்மை. டெக்குல ஒரு மஞ்ச வயர் இருக்கு, வண்டியை அணைச்சாலும் கடைசியா வெச்ச நம்பரை அது ஞாபகம் வெச்சுக்கும். போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு வாரம் நின்னு வந்த வண்டியை நான் போட்டுப் பாத்தேன். பன்னெண்டுதான். அந்த மனுஷன் சொன்ன சொல் மாறலை.

அப்ப அம்மாதான் பொய்யான்னு கேக்கப் போறீங்க. பொறுங்க.

ஜீப் ஸ்டாண்டுல ஜெயபால்னு ஒருத்தர் இருக்காரு. அவரு வண்டிக்கு மதுரையில செட்டு மாட்டியிருக்கு. ஒரு நாள் அண்ணன் வண்டி பக்கத்துல நிக்குது, நான் ஒரு வயர் கிளிப்பு மாட்டப் போயிருக்கேன். ஜெயபால் காதுகிட்ட கையை வெச்சுக்கிட்டு, 'சுருளி, பாட்டு உன் வண்டியிலயா பாடுது, அடுத்த தெருவுலயா?'ன்னாரு. அங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. 'பொம்பளப் புள்ள மாட்டுன செட்டுல்ல. வெக்கப்பட்டு மெதுவாத்தான் பாடும்.'

அண்ணனும் சிரிச்சாரு சார். அதுதான் எனக்குத் தாங்கலை. அவரு சிரிச்சிருக்கக் கூடாது.

முன்னூறு வாட்ஸு தர்ற ஆம்ப்பு. எல்லாம் அளந்து, தேச்சு, சுரண்டி மாட்டினது. இந்தப் பன்னெண்டால அது பாதி கூடப் பாடலை. அண்ணனை ஏத்தச் சொன்னா ஏத்த மாட்டாரு, சொல் குடுத்துட்டாரு. சரி, அவரு சொன்ன சொல்லும் கெடக் கூடாது, என் செட்டும் பாடணும்.

ஆம்ப்புல கெயின்னு ஒரு திருகு இருக்கு. வாங்க, காட்டறேன். இந்த முன் சீட்டுக்கு அடியில. இதோ, கடுகு மாதிரி ஒரு குழி தெரியுதா? டெஸ்டர் முனையை விட்டுத்தான் திருப்ப முடியும். டெக்குல இருந்து எம்புட்டு வந்தாலும் அதை இது பெருக்கித் தரும். டிரைவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. நூத்துல ஒரு டிரைவருக்குக் கூட இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. இதைக் கூட்டினா டெக்குல நம்பர் மாறாது. பாடுறவர் குரல் கூட ஏறாது. மேளம் மட்டும் ஏறும்.

அண்ணன் டீ குடிக்கப் போனாரு. நான் திருப்பினேன். கால் சுத்து. இல்ல, அரைச் சுத்து. அரைச் சுத்துதான் சார்.

ஜெயபால் மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும்.

மறுநாள் அண்ணன் கேட்டாரு. 'என்ன பாப்பா, திடீர்னு நெஞ்சுல இடிக்குது?' நான் சொன்னேன், 'புது ஊஃபர் அண்ணே. ஒரு மாசம் ஓடினா இளகும். இளகினா நல்லாப் பாடும்.' அது பொய் இல்லை. ஊஃபர் இளகும். எந்தக் கடையில வேணாலும் கேளுங்க. ஆனா அம்புட்டு இளகாது.

பொம்பளைங்க அவர்கிட்ட சண்டை போட்டிருக்காங்க. அவரு டெக்கைக் காட்டி, 'பாருங்க, பன்னெண்டு'ன்னாராம். இவங்களும் எட்டிப் பாத்தாங்களாம், பன்னெண்டு. அதுக்கு மேல என்ன பேசுவாங்க? வீட்ல அம்மா என்கிட்ட கேட்டுச்சு. 'அன்னைக்குப் பாத்த பன்னெண்டு மாதிரி இல்லையேடி.'

'நம்பர் எப்படிம்மா மாறும்?'ன்னேன். நம்பர் மாறலைதானே.

பதினெட்டு நாள் ஒண்ணும் ஆகலை. அதையும் எழுதுங்க. பதினெட்டு நாள் தட்டினாங்க, நிறுத்தினாரு. ரெண்டு தட்டு பத்தலைன்னா நாலு தட்டு, கையால பத்தலைன்னா தூக்குவாளி மூடியால. பழகிக்கிட்டாங்க. அதனால நானும் சரியாப் போச்சுன்னு நெனச்சேன்.

ஐப்பசியில அந்தப் புதன்கிழமை. நான் வண்டியில இல்லை, அம்மா சொன்னதைத்தான் சொல்றேன். மெட்டுல பாதி ஏறியாச்சு. பனிமூட்டம். பின்கதவு கொக்கி ஒரு பள்ளத்துல கழண்டிருக்கு. கதவு திறந்து ஆடுது. கடைசி எடம் மொக்கத்தாயி அத்தைக்கு. எந்திரிச்சுக் கதவை இழுக்கப் போயிருக்கு. ஈரம். வழுக்கி வெளிய போயிருச்சு. முழுசா விழலை சார். ரெண்டு கையாலயும் ஏணிக் கம்பியைப் புடிச்சுக்கிச்சு. காலு கீழ ரோட்டுல இழுபடுது. பக்கத்துல இருந்தவங்க அத்தையோட சட்டையைப் புடிச்சிருக்காங்க, முடியைப் புடிச்சிருக்காங்க.

அம்மா தட்டுச்சு. முதல்ல ரெண்டு தட்டு. அப்புறம் விடாம. ஒருத்தரு தூக்குவாளியால. ஒருத்தரு காலால உதைச்சிருக்காங்க.

ரெண்டு வளைவு தாண்டியிருக்கு வண்டி. பாட்டு முடிஞ்சு, அடுத்த பாட்டு வர்றதுக்கு நடுவுல ஒரு நொடி இருக்கும்ல, அதுலதான் அண்ணனுக்குக் கேட்டிருக்கு. அதுக்குள்ள இடது கால் செருப்பு போய், தோல் போய், கணுக்கால் வரைக்கும்... நீங்க ஆஸ்பத்திரிச் சீட்டுல படிச்சிருப்பீங்க. பாதத்தை எடுத்துட்டாங்க.

ஸ்டேஷன்ல அண்ணன் சொன்னது இதுதான்: 'பாட்டு பன்னெண்டுலதான் இருந்துச்சு. மேளச் சத்தம்தான் கேட்டுச்சு. தட்டியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். இவங்க முன்னாலதான் பரிசோதனை பண்ணினோம். யாரும் தட்டலை.' அவரு பொய் சொல்லலை, நம்பித்தான் சொல்றாரு. அந்தப் பொம்பளைங்க தட்டினோம்னு சொல்றாங்க, அவங்களும் பொய் சொல்லலை. இப்ப அண்ணன் வண்டியில ஒருத்தரும் ஏறலை. அவரு வீட்டுக்காரம்மா தெருவுல நின்னு, 'அவ காட்டுக்கு ஒதுங்கணும்னு குதிச்சுட்டு எம் புருசன் தலையில கட்டுறாளுங்க'ன்னு கத்துது. எதிர் வீட்ல அத்தையோட மகன் அரிவாள் எடுத்துருவேங்கிறான். எடுக்க மாட்டான், வாய்தான். ஆனா பயமா இருக்கு சார்.

ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். மூணாவது நாள். ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். என்ன பேசறதுன்னு தெரியலை. அதனால எனக்குத் தெரிஞ்சதைப் பேசினேன். 'அத்தை, இனிமே தட்டவே வேணாம். பின்னால ஒரு பெல் சுவிட்சு வெச்சிரலாம். டிரைவர் முன்னால ஒரு சிவப்பு லைட்டு, ஒரு பஸ்ஸரு. ரெண்டு வயருதான். அரைமணி நேர வேலை.'

அத்தை என்னையே பாத்துச்சு. எப்பவும் வாய் ஓயாத அத்தை. 'அரைமணி நேர வேலையாடி?'ன்னு கேட்டுச்சு. மெதுவா.

நல்ல யோசனைதானே சார்? ஏன் அங்க இருந்த எல்லாரும் என்னை அப்படிப் பாத்தாங்கன்னு பஸ்ல வரும்போது முழுக்க யோசிச்சேன். போடி வந்த பிறகுதான் புரிஞ்சுச்சு. அரைமணி நேர வேலை. ஆடி மாசமே செஞ்சிருக்கலாம். ஷீட்டு ஒட்ட எனக்கு ஒரு நாள் முழுக்க ஆச்சு.

அம்மாவுக்கு உள்ளங்கை நாலு நாள் வீங்கியிருந்துச்சு. கஞ்சிக் கிண்ணத்தைப் புடிக்க முடியலை. அது பரவாயில்லை, வீக்கம் வத்திரும். இப்ப அதுக்கு வேற ஒண்ணு வந்திருக்கு. அண்ணன் சொல்லிச் சொல்லி, ஸ்டேஷன்ல கேட்டுக் கேட்டு, அம்மாவுக்கே சந்தேகம் வந்திருச்சு. 'ஒருவேளை நான் சரியாத் தட்டலையோ?'ங்குது. 'பயத்துல கை ஓஞ்சு போச்சோ? தட்டுறதா நெனச்சுக்கிட்டு சும்மா இருந்துட்டேனோ?' முந்தாநாள் மத்தியானம் நான் சோறு திங்கறேன். வெளிய போயி எங்க வீட்டுத் தகரக் கதவைச் சாத்திட்டுத் தட்டுது. 'மோனிஷா, கேக்குதா?' கேக்குதும்மான்னேன். இன்னும் தட்டுது. 'இம்புட்டுத்தான் தட்டுனேன் அன்னைக்கும். இப்பக் கேக்குதா?' கேக்குதும்மா. 'அப்ப அவனுக்கு ஏண்டி கேக்கலை?'

நான் தட்டுல சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தேன்.

சார், நீங்க இன்னும் சரியாக் கேக்கலை. கொஞ்சம் முன்ன தட்டினப்ப உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு கேக்க வேணாமா? அரைச் சுத்து ஏத்தி வெச்சிருந்தா எப்படிக் கேட்டிருக்கும்?

வண்டியை ஸ்டேஷன்லேருந்து விட்டதும் அண்ணன் நேரா இங்க கொண்டுவந்தாரு. 'பாப்பா, விசாரிக்க வருவாங்க. நீ எதையும் மாத்த வேணாம், அப்படியே இருக்கட்டும். பன்னெண்டுல வெச்சு அவங்களே தட்டிப் பாக்கட்டும். உண்மை தெரிஞ்சிரும்'னாரு. கையைப் புடிச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. அவரு போயி அஞ்சு நிமிஷம் கூட ஆகலை. நான் சீட்டுக்கு அடியில குனிஞ்சு, டெஸ்டரை விட்டு, திருகைப் பழைய எடத்துக்கே கொண்டுபோய் வெச்சிட்டேன்.

ஏன் செஞ்சேன்னு கேக்காதீங்க. பழைய எடத்துல இருந்தா நடந்தது நடக்காத மாதிரி இருக்கும்னு... தெரியலை. அப்படிக் கூட நெனக்கலை. கை தானாப் போச்சு.

நீங்க தட்டிப் பாத்தது ஆடி மாசத்து வண்டியை சார். ஐப்பசி வண்டியை இல்லை.

டெஸ்டர் இதோ. திரும்ப ஏத்தறேன். பாத்துக்கோங்க, இந்தக் கோடு வரைக்கும்தான் வெச்சிருந்தேன். நீங்க போயி உக்காருங்க. நான் பின்னால ஏறறேன். பன்னெண்டு. நம்பரை நல்லாப் பாத்துக்கோங்க. பாட்டு ஓடுதா? ஓடட்டும்.

...

எத்தனை தட்டு தட்டினேன் சார்?

ரெண்டா? மேளத்தையும் சேத்து எண்ணிட்டீங்களா?

இருபத்தி மூணு. கை எரியுது.

இப்ப எழுதுங்க. அந்தப் பழைய வரியை அடிச்சிட்டு எழுதுங்க. 'டிரைவர் சத்தத்தைக் கூட்டினார்'னு எழுதிராதீங்க, அவரு கூட்டலை. 'செட்டில் பழுது'ன்னும் எழுதாதீங்க, பழுது இல்லை. ராசாங்கம் மகள் மோனிஷா யாருக்கும் தெரியாமல் ஆம்ப்பின் கெயினைக் கூட்டினாள், விபத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் குறைத்தாள். பெண்கள் தட்டினார்கள். ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. இம்புட்டுத்தான். கெயினை கெயின்னே எழுதுங்க.

கேஸு என் மேல வருமா? வரட்டும். அப்பா கடையை மூட வேண்டி வருமா? இனிமே எவனும் இங்க செட்டு மாட்ட வர மாட்டான், அது நிச்சயம். ஜெயபால் ஸ்டாண்டுல என்ன பேசுவாருன்னு இப்பவே எனக்குத் தெரியும். பேசட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இதனால அத்தைக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சிருமா? உங்களால சொல்ல முடியாதா? சரி. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றது நல்லதுதான்.

எங்க கையெழுத்து? இங்கயா?

வயசு பதினேழே முக்கால். ஏன்?

ஓ.

அப்ப நான் போட்டாச் செல்லாதா? அப்பா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாரு. அதுவரைக்கும் உங்களால இருக்க முடியாதா? அம்மா போட்டாப் போதுமா?

அம்மா வீட்லதான் இருக்கு. வேலைக்குப் போயி ஒரு மாசம் ஆகுது. ரெண்டு தெரு தள்ளி.

அம்மாவுக்குக் கையெழுத்து போட வரும் சார். படிக்க வராது. எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படிச்சுக் காட்டுவேன். அஞ்சாம் வகுப்புலேருந்து. பக்கத்துல உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கும். நான் படிச்சு முடிச்சதும் ஒரு வார்த்தை கேக்காது, பேனாவை வாங்கிப் போட்டுரும்.

குடுங்க பேப்பரை. போயி வாங்கிட்டு வந்துடறேன்.

இல்ல சார், நீங்களும் வாங்க. நான் தனியாப் போனா நடுவுல ஒரு வரியை விட்டுட்டுப் படிச்சிருவேன்.